கோ-ஆப் ப்ரீஸ்கூல்: கட்டணத்தைப் பார்க்கும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

தம்பி, சியாட்டிலுக்கு வந்து நாலு மாதம், பையனுக்கு மூன்று வயது, மனைவி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) வீட்டில் இருக்கிறார், பெற்றோரே கூட்டாக நடத்தும் கோ-ஆப் ப்ரீஸ்கூலில் கட்டணம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, யோசிக்காமல் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விசா, வரி, கிண்டர்கார்டன் தயாரிப்பு என்று மூன்று கேள்விகள். அவற்றைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். முதல் கேள்விதான் முக்கியம். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

கட்டணம் குறைவதற்குக் காரணம், சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் பெற்றோர் நிற்பது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர்தான். வாரம் மூன்று காலை, 15 பிள்ளைகள் என்று வையுங்கள். குடும்பத்துக்கு ஒருவர் வாரம் ஒரு நாள் ட்யூட்டிக்கு, அதாவது வகுப்பில் ஆசிரியருக்கு உதவ, வந்தால்தான் தினமும் ஐந்து பெரியவர்கள் தேறுவார்கள். வகுப்பு இரண்டரை மணி நேரம். முன்னால் வந்து மேசைகளைத் தயார் செய்ய அரை மணி, முடிந்தபின் துடைத்து அடுக்க அரை மணி. ஆக மூன்றரை மணி, மாதம் நாலு முறை: 14 மணி. மாதம் ஒரு மாலை பெற்றோர் கூட்டம், 2 மணி. இதற்கு மேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு: பொருளாளர், ட்யூட்டி அட்டவணை போடுபவர், சாமான் வாங்குபவர், துண்டுகளையும் வேடமிடும் துணிகளையும் துவைத்துக் கொண்டு வருபவர். அதற்கு 2, 3 மணி. மொத்தம் மாதம் 18, 19 மணி. நிதி திரட்டும் நாளும் பெரிய துப்புரவு நாளும் இதில் சேரவில்லை.

அந்த மணிகள் யாருடையவை? கேள்வி கேட்டது நீங்கள், நேரம் உங்கள் மனைவியுடையது. அவரைக் கேட்டீர்களா? அவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியாவிட்டால் லைசென்ஸ் வரும்வரை காலை 9 மணிக்கு யார் கொண்டு விடுவது? நம் ஆட்களில் பலர் "அவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். அப்பாக்களும் ட்யூட்டி செய்யலாம். வாரம் ஒரு காலை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பையனுக்கும் உங்களுக்கும் நல்லது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே பெரும்பாலான கோ-ஆப்கள் கம்யூனிட்டி காலேஜோடு, அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரியோடு, இணைந்தவை. நார்த் சியாட்டில் காலேஜ், பெல்வியூ காலேஜ் போன்றவை நடத்தும் பெற்றோர் கல்வியின் பகுதி. பிள்ளை ப்ரீஸ்கூலில், நீங்கள் கல்லூரியில் பதிவான மாணவர். கல்லூரியின் பேரன்ட் எஜுகேட்டர் வகுப்புக்கு வந்து கவனிப்பார், மாலைக் கூட்டத்தில் பாடம் எடுப்பார். அந்தக் கூட்டத்தை விருப்பப் பாடமாக நினைத்து மட்டம் போடாதீர்கள். 1916-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் சிலர் இப்படியொரு பள்ளியைத் தொடங்கியபோதே பெற்றோரும் கற்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று.

எங்கே இடறும் என்று சொல்கிறேன். முதலில் ஊர்ப்பயணம். ஆறு வாரம் ஊருக்குப் போனால் அந்த மாதக் கட்டணம் நிற்காது. ஆசிரியர் சம்பளம் நிற்காதல்லவா? வரவுசெலவுத் திட்டத்தை இத்தனை குடும்பம் என்று வகுத்துத்தான் கட்டணம் வைப்பார்கள். ட்யூட்டி நாட்களும் கடனாக நிற்கும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அட்டவணை போடுபவரிடம் சொல்லி, போகும் முன் கூடுதல் நாட்கள் செய்து ஈடுகட்டுங்கள். காய்ச்சல் என்றாலும் மாற்று ஆளை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். பணம் கொடுத்து அல்ல, உங்கள் நாளை அவருக்கும் அவர் நாளை உங்களுக்கும் மாற்றிக்கொண்டு. இந்த ஏற்பாட்டை இரண்டு பெற்றோரோடு, வகுப்பு தொடங்கும் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். பெரியவர்கள் குறைந்தால் அன்றைக்கு வகுப்பே நடக்காமல் போகலாம்.

அடுத்தது கைக்குழந்தை. ட்யூட்டி நாளில் தம்பி தங்கையைக் கூட்டி வரப் பல இடங்களில் அனுமதியில்லை. விசிட்டுக்கு வந்த பாட்டியை ட்யூட்டிக்கு அனுப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். முன் அனுமதி, பின்னணிச் சோதனை எல்லாம் கேட்பார்கள்.

வகுப்புக்குள் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு இடம் தருவார்கள்: ஓவிய மேசை, தண்ணீர் அல்லது மணல் தொட்டி, கட்டைகள், வேடமிட்டு ஆடும் மூலை, ஸ்னாக். ஆங்கிலம் பேசக் கூச்சமாக இருந்தால் முதல் மாதம் ஓவியமோ ஸ்னாக்கோ கேட்டு வாங்குங்கள். கற்பனை விளையாட்டு மூலையில்தான் பேச்சு அதிகம். சுவரைப் பார்த்து உட்காராமல், அறை முழுவதும் கண்ணில் படும்படி, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள். பிள்ளைக்காக நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். நம்மவர்களின் கை தானாகக் கிரேயானைப் பிடுங்கும், அடக்குங்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட "நீலத்தில் நீளமாக இழுத்திருக்கிறாய்" என்று கண்டதைச் சொல்வது நல்லது. ஒருவன் இன்னொருவனை அடித்தால் முதலில் அடிபட்டவனிடம் போங்கள். பொம்மையைப் பிடுங்கிப் பங்கு போடாதீர்கள். "நான் முடித்ததும் தருகிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். அறையின் மறுகோடியிலிருந்து "நோ" என்று கத்த வேண்டாம், நடந்து போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் பையன் மற்ற நாட்களில் சமர்த்தாக இருந்துவிட்டு, நீங்கள் இருக்கும் நாளில் மட்டும் மடியை விட்டு இறங்காமல் அடம் பிடிப்பான். அது இயல்பு. இன்றைக்கு அப்பா எல்லோருக்கும் உதவி செய்யும் நாள் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும், ஆனால் உங்கள் மேசையை விட்டு நகராதீர்கள். பையன் பின்னாலேயே சுற்றுகிற பெற்றோரால் அந்த மேசை காலியாகிவிடும். ஏபிசிடி சொல்லித் தருவதில்லை, வெறும் விளையாட்டு என்று மூன்றாம் வாரமே குறைப்படும் நம் குடும்பங்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அது விளையாட்டுவழிப் பள்ளி என்று முதல் நாளே சொல்லித்தான் சேர்க்கிறார்கள்.

தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ஊரில் ஒன்பதாம் மாதம் போட்ட எம்.ஆர். அல்லது எம்.எம்.ஆர். எனும் தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. ஒரு வயது நிறைந்தபின் போட்டதுதான் முதல் டோஸ். சிக்கன்பாக்ஸ் ஊசியும் கேட்பார்கள். நம் அட்டையில் 04/07 என்றால் ஜூலை 4. இங்கே ஏப்ரல் 7 என்று படித்துவிடுவார்கள். மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பெரியவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கேட்டால், தோல் பரிசோதனைக்குப் பதில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசியால் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே என்று அலைச்சல்தான்.

மற்றவை: எச்-4 விசாவில் கல்லூரியில் படிக்கத் தடையில்லை, அதற்கு மேல் சந்தேகம் என்றால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். மனைவி வேலைக்கோ முழுநேரப் படிப்புக்கோ போகாதவரை, வேலை தேடாதவரை, குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு வரி இல்லாமல் சம்பளத்தில் பணம் ஒதுக்கும் டிபென்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. கணக்கு உதவாது. கிண்டர்கார்டனைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தொடங்கும். ஏற்கெனவே படிக்கும் குடும்பங்களுக்கு முதல் உரிமை. இந்த ஆண்டே வேண்டுமென்றால் மெம்பர்ஷிப் பொறுப்பாளருக்கு எழுதி, நடுவில் காலியான இடம் உண்டா என்று கேளுங்கள். பள்ளியைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் ஹவுஸ் நாள் மட்டும் போதாது. சாதாரண நாள் ஒன்றில் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையேட்டை வாங்கி மூன்று விஷயம் தேடிப் படியுங்கள்: ட்யூட்டி தவறினால் என்ன, நடுவில் விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ், முன்பணம் திரும்பக் கிடைக்குமா.