குடிச்சிட்டு தலையில அடிபட்டவரை ‘தூங்கட்டும்’னு விடலாமா?

கேள்வி: தம்பி குடிச்சிட்டு பைக்ல இருந்து விழுந்துட்டான். தலையில வீக்கம், எழுப்பினா முனகிட்டு திரும்ப தூங்குறான். போதையில உடம்பு தளர்வா இருக்கும், பெரிசா அடிபடாதுன்னு நண்பர்கள் சொல்றாங்க. காலை வரைக்கும் பாக்கலாமா?

பதில்: வேண்டாம், இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. விழும்போது கையை ஊன்றி தலையைக் காப்பாத்திக்கிற அனிச்சையே போதையில மந்தமாயிடும், அப்புறம் எங்க தளர்வு காப்பாத்துறது? குளறுன பேச்சு, வாந்தி, தூக்கம் எல்லாம் போதைக்கும் வரும், மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் வரும், பார்த்து பிரிக்க ஆஸ்பத்திரியில இருக்கிற எங்களாலயே முடியாது, சிடி ஸ்கேன்தான் சொல்லணும். கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தாக்கூட போதையில வலி தெரியாம போகலாம், அதனால தூக்கி உக்கார வைக்காதீங்க, வாந்தி எடுத்தா தலை, கழுத்து, உடம்பு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து பக்கவாட்டுல திருப்புங்க. காபி, மோர், குளியல் எதுவும் போதையை இறக்காது, கல்லீரல் அதோட வேகத்துலதான் வேலை செய்யும்.

ஆஸ்பத்திரி வாசல்லயே ஒருத்தர் வந்து “குடிச்சதை சொல்லாதீங்க, இன்சூரன்ஸ் வராது, ரிப்போர்ட்டை நான் மாத்தித் தரேன்”னு காசு கேப்பார். தயவுசெஞ்சு கிட்டவே சேர்க்காதீங்க! மயக்க மருந்து, வலி மருந்து எல்லாமே உள்ள எவ்வளவு சாராயம் இருக்குன்னு பார்த்துத்தான் கொடுக்கணும், மறைச்சா மூச்சே நின்னு போகலாம்.

தினமும் குடிக்கிறவர்னா அதை மறைக்காம சொல்றது ரொம்ப முக்கியம். கல்லீரல் கெட்டிருந்தா ரத்தம் சீக்கிரம் உறையாது, மூளையும் சுருங்கியிருக்கும், அதனால சின்ன அடிக்கே ரத்தம் கசியும், சில பேருக்கு வாரக்கணக்குல மெதுவா கசிஞ்சு அப்புறம்தான் தெரியும். இன்னொண்ணு, அட்மிட் ஆனதும் குடி நின்னுடும்ல, 2, 3 நாளுக்குள்ள கை நடுங்கலாம், இல்லாத பூச்சியெல்லாம் தெரியலாம், வலிப்பு வரலாம், வீட்டுல உள்ளவங்க ஆஸ்பத்திரி மருந்துதான் காரணம்னு சண்டை போடுவாங்க. தினம் எவ்வளவு, கடைசியா எப்ப குடிச்சார்னு மொதல்லயே சொல்லிட்டா முன்கூட்டியே மருந்து ஆரம்பிச்சிடலாம்.

வாடை அடிச்சாலே ‘குடிகாரன், ஓரமா போடு’ன்னு ஒதுக்குற பழக்கம் எங்க ஆளுங்ககிட்டயே இருக்கு, எத்தனை தடவை சொன்னாலும் மாறல, எனக்கு ஆத்திரமா வருது. நீங்க விடாதீங்க, சுகர் பார்த்தாச்சா, ஸ்கேன் எப்பன்னு கேட்டுக்கிட்டே இருங்க. ஸ்கேன் நல்லா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பினாலும் மொத நாள் தனியா விடாதீங்க, தலைவலி கூடினாலோ திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ எழுப்ப கஷ்டமா இருந்தாலோ உடனே திரும்ப கூட்டிட்டு வாங்க.