ரோனி கோல்மனின் பலம் உண்மையா, ஊதிப் பெருப்பித்த கதையா?

உடற்கட்டு வீரர் ரோனி கோல்மன் 800 இறாத்தல், அதாவது சுமார் 363 கிலோ, தூக்கியது நிஜமா, இல்லை வீடியோ விற்க ஊதிப் பெருப்பித்த கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கினார். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அவர் பெயரில் சுற்றும் எண்களில் ஒன்றை மட்டும் அப்படியே விழுங்க மாட்டேன். அது லெக் பிரஸ், அதாவது சாய்ந்து உட்கார்ந்து பாரத்தைக் காலால் தள்ளும் மெஷினில் வந்த எண். காரணம், அதே மெஷினில் நானும் ஏமாந்தவன்.

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன ஜிம்மில் நாலு வருடம் கிடந்தேன். தகரக் கூரை, பின்னேரம் போனால் கம்பியில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. லெக் பிரஸில் 300 கிலோ தள்ளுவேன். பிளேட் போதாமல் ஒரு தம்பியை மேலே ஏற்றி உட்கார வைத்ததும் உண்டு. அந்தத் திமிரோடு ஒரு பெரும்போக வெட்டு முடிய, மாமாவின் நெல்லை மில்லில் இறக்கப் போனேன். மூடை 70 கிலோ வரும். மூன்றாவது மூடையிலேயே முழங்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. அங்கே மூடை சுமக்கும் நாட்டாமை வேலை செய்யும் ஐயா ஒருவர், என் தோளுயரம்கூட இல்லை, வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, "என்ன மனே, ஜிம்முக்குப் போற எண்டாய்?" என்றார். என் முதுகில் இருந்ததைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேவிட்டார்.

இப்போது கோல்மனுக்கு வருவோம். அவர் லெக் பிரஸில் 2,300 இறாத்தலை, அதாவது சுமார் 1,043 கிலோவை, 8 தடவை தள்ளும் காணொளி இருக்கிறது. இரும்பு பொய்யில்லை. ஆனால் அந்தப் பாரம் சாய்வான தண்டவாளத்தில் ஓடுகிறது. சாய்வு 45 பாகை என்றால் பாரத்தில் 70 வீதமளவுதான் காலுக்கு வரும், மிச்சத்தைத் தண்டவாளம் தாங்கிக்கொள்ளும். முதுகுக்கு மெத்தை இருக்கிறது, சமநிலைக் கவலை இல்லை, முழங்கால் கொஞ்சம் மடங்கினாலே ஒன்று என்று எண்ணிவிடலாம். "ஒரு தொன் பாரத்தைக் காலால் தூக்கிய மனிதர்" என்று முகநூலில் போடுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

டெட்லிஃப்ட் அப்படியல்ல. நிலத்தில் கிடக்கும் 363 கிலோவைக் கையால் பிடித்து நிமிர வேண்டும். கோல்மன் 2 தடவை நிமிர்ந்தார். பிளேட்டுகளை நாமே எண்ணலாம், கம்பி வளைவதும் தெரிகிறது. கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டிலும் அதே 800 இறாத்தல், அதே 2 தடவை. பவர்லிஃப்டிங் என்னும் பாரம் தூக்கும் போட்டி மேடை என்றால், இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியதா என்று நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள். டெக்சாஸில் அவர் பயிற்சி எடுத்த ஜிம்மில் சுற்றி நின்றவர்கள் கத்தி உற்சாகப்படுத்தியவர்கள்தான். அதனால் ஆழத்தைப் பற்றி யாராவது வாக்குவாதப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பாரத்தைப் பற்றி என்றால் இல்லை.

அவரை "உலகத்திலேயே பலசாலி" என்பதும் கொஞ்சம் கூடத்தான். இங்கிலாந்துப் பலசாலி எடி ஹால் 2016இல் 500 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தவர். கோல்மனோ 1998 முதல் 2005 வரை 8 தடவை மிஸ்டர் ஒலிம்பியா என்னும் உடற்கட்டுப் பட்டத்தை வென்றவர். அந்த மேடையில் உடம்புக்குத்தான் புள்ளி, எத்தனை கிலோ தூக்குவாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தூக்கினார் மனுசன், அதுவும் பொலிஸ் வேலை பார்த்துக்கொண்டே.

பிறகு முதுகிலும் இடுப்பிலும் சத்திரசிகிச்சை மேல் சத்திரசிகிச்சை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலையிலும் அவர் சொன்ன வருத்தம் ஒன்றுதான்: அந்த ஸ்குவாட்டை 4 தடவை எடுத்திருக்கலாம், 2 உடன் நிறுத்திவிட்டேனே என்று. எடுத்த இரண்டையும் பார்த்துவிட்டேன். எடுக்காத இரண்டில் வேண்டுமானால் சந்தேகப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.