நெட்வொர்க்கிங்கை விட்டுவிட்டுக் கிளவுடுக்கு மாறுவதா?

கேள்வி: சென்னையில் ஓர் ஐடி சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் பிரிவில் நான்கு ஆண்டுகளாக ஷிப்டு முறையில் வேலை செய்கிறேன். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ முடித்திருக்கிறேன். உடன் இருந்தவர்கள் பலர் கிளவுடுக்குப் போய்விட்டார்கள். நானும் நெட்வொர்க்கிங்கை விட்டுவிட்டு முதலிலிருந்து கிளவுடு படிக்க வேண்டுமா? எந்தச் சான்றிதழ் எடுத்தால் வளர்ச்சி இருக்கும்?

பதில்:

விட வேண்டாம். நான்கு ஆண்டுகளாகக் கற்றதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இந்த ஆண்டு கல்லூரியிலிருந்து வெளிவரும் ஒருவரோடு அதே வரிசையில் போய் நிற்பது உங்களுக்கு நட்டம். நிறுவனத்தின் சொந்த டேட்டா சென்டரும் கிளவுடும் சந்திக்கிற இணைப்புப் பகுதியில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இன்று நல்ல இடம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நான் பல ஆண்டுகளாக அந்தப் பகுதியில் வேலை செய்கிறேன், அதற்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன் என்பதால் அங்கே நின்றுதான் இதை எழுதுகிறேன்.

வங்கி, காப்பீடு, உற்பத்தி போன்ற துறைகளில் உள்ள பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிளவுடுக்குக் கொண்டுபோவதில்லை. பழைய மைய அமைப்பு சொந்த டேட்டா சென்டரில் இருக்கும், புதிய செயலிகள் கிளவுடில் இருக்கும், கிளைகளும் தொழிற்சாலைகளும் இரண்டோடும் பேசிக்கொண்டிருக்கும்; இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கிளவுடு கன்சோலில் சர்வரையும் டேட்டாபேஸையும் உருவாக்கத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், ரூட்டரும் சுவிட்சும் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பேக்கெட் (தரவுத் துண்டு) கிளையிலிருந்து கிளம்பி, டன்னல் (மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாகக் கிளவுடுக்குள் நுழைந்து, செயலியை அடைந்து, திரும்பி வரும் முழுப் பாதையையும் வழிமறந்துவிடாமல் பின்தொடர்ந்து, அது எங்கே நிற்கிறது என்று ஆதாரத்தோடு காட்டத் தெரிந்தவர்களை நாங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் அறிவில் பெரும்பகுதி அப்படியே செல்லுபடியாகும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ், சர்வர்களை வாடகைக்குத் தரும் தன் ஈசி2 சேவையை 2006இல் தொடங்கியது. 2009இல் விபிசி என்னும் தனி நெட்வொர்க் வசதி வந்த பிறகுதான் ஒரு நிறுவனம் தனக்கென முகவரி எல்லை, அதன் பிரிவுகளான சப்நெட், போகும் வழியைச் சொல்லும் ரூட் டேபிள் எல்லாவற்றையும் தானே வகுத்துக்கொண்டு தன் டேட்டா சென்டரின் நீட்சியாகக் கிளவுடைப் பயன்படுத்த முடிந்தது. சப்நெட் பிரிப்பதும், மிக நீளமான பிரிஃபிக்ஸே (மிகக் குறுகிய முகவரித் தொகுதியே) வெல்லும் என்பதும், டிசிபியின் கைகுலுக்கலும் அங்கேயும் அவையேதான். மாறுபடும் இடங்களைத்தான் நீங்கள் குறித்துக்கொண்டு படிக்க வேண்டும். விபிசிக்குள் பிராட்காஸ்ட் கிடையாது, சுவிட்சுகளுக்கிடையே சுழற்சியைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ பற்றிய கவலையும் கிடையாது. ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளும் கடைசி முகவரியும் ஒதுக்கப்பட்டுவிடுவதால் /24 சப்நெட்டில் 254க்குப் பதில் 251தான் கிடைக்கும். சர்வருக்கு இடும் செக்யூரிட்டி குரூப் என்னும் வடிகட்டி இணைப்பின் நிலையை நினைவில் வைத்திருக்கும், ஆனால் சப்நெட் அளவில் இடும் நெட்வொர்க் ஏசிஎல் வைத்திருக்காது. ஆகவே திரும்பி வரும் பேக்கெட்டுக்காக மேல் எண் போர்ட்டுகளைத் தனியே திறக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ரூட்டர் பின்னணியிலிருந்து வருபவர்களை அதிகம் தடுமாறவைப்பது, இரண்டு விபிசிகளை நேரடியாக இணைக்கும் விபிசி பியரிங். அ, ஆ, இ என மூன்று விபிசிகள் என்று கொள்வோம். அ-வும் ஆ-வும் இணைந்திருக்கின்றன, ஆ-வும் இ-யும் இணைந்திருக்கின்றன என்பதற்காக அ-விலிருந்து இ-க்கு ஆ வழியாகப் போக முடியாது. அதற்கு நேரடிப் பியரிங் வேண்டும், அல்லது 2018இல் வந்த டிரான்சிட் கேட்வே போன்ற ஒரு மையம் வேண்டும்.

இணைப்புப் பகுதி என்று நான் சொல்வது எப்படிப்பட்ட வேலை என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். டேட்டா சென்டரில் உள்ள செயலி, ஐபிசெக் டன்னல் வழியாகக் கிளவுடில் உள்ள டேட்டாபேஸோடு பேசுகிறது. பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, லாகின் நடக்கிறது, சிறிய வினவல்களுக்குப் பதிலும் வருகிறது. பெரிய அறிக்கையைக் கேட்டால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. டேட்டாபேஸ் குழு நெட்வொர்க்கைக் குறை சொல்லும், நெட்வொர்க் குழு பிங் முடிவைக் காட்டி டிக்கெட்டை மூடப் பார்க்கும். ஈதர்நெட்டின் வழக்கமான 1500 பைட் அளவிலிருந்து ஐபிசெக் தன் தலைப்புகளுக்காகச் சில பத்து பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது என்பதையும், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு வரும் முழு அளவுப் பேக்கெட் டன்னலுக்குள் நுழைய முடியாமல் கைவிடப்படுகிறது என்பதையும், அளவைக் குறைத்து அனுப்பு என்று அனுப்புநருக்குச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியைப் பாதுகாப்புக்காக என்று யாரோ ஃபயர்வாலில் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவருக்கே விடை கிடைக்கும். இரு முனைகளிலும் பேக்கெட்டைப் பிடித்து வயர்ஷார்க் என்னும் பேக்கெட் ஆய்வு மென்பொருளில் திறந்தால், ஒரு பக்கம் கிளம்பிய பெரிய பேக்கெட் மறுபக்கம் வந்து சேராமல் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவது கண்ணுக்குத் தெரியும். ரூட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பேக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவை) குறைத்து, அந்த ஐசிஎம்பி வகையை அனுமதித்தால் சிக்கல் தீரும். இதற்குத் தேவையான எல்லாம் நீங்கள் சிசிஎன்ஏ படித்த காலத்திலேயே கேள்விப்பட்டவை. கிளவுடு சூழலில் அவற்றைப் பொருத்திப் பார்க்கும் பயிற்சிதான் குறைகிறது.

இன்னொன்று, பாதைத் தேர்வு. ஒரு நிறுவனம் டைரக்ட் கனெக்ட் என்னும் தனி இணைப்பை முதன்மையாகவும் விபிஎன் டன்னலை மாற்று வழியாகவும் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒரே பிரிஃபிக்ஸ் இரண்டு வழியிலும், நெட்வொர்க்குகள் தம் பாதைகளை ஒன்றுக்கொன்று சொல்லும் பிஜிபி நெறிமுறை மூலம் அறிவிக்கப்பட்டால் ஏடபிள்யூஎஸ்ஸின் விர்ச்சுவல் பிரைவேட் கேட்வே டைரக்ட் கனெக்டையே தேர்ந்தெடுக்கும். ஆனால் தனி இணைப்பில் /16 என்று சுருக்கி அறிவித்துவிட்டு, டன்னலில் /24களாக அறிவித்திருந்தால், விலை கொடுத்து வாங்கிய தனி இணைப்பு சும்மா கிடக்க, கிளவுடிலிருந்து அந்த முகவரிகளுக்குத் திரும்பும் போக்குவரத்து முழுவதும் டன்னலில் போகும். டேட்டா சென்டரிலிருந்து கிளம்புவது தனி இணைப்பிலும் திரும்பி வருவது டன்னலிலுமாகப் பிரிந்துவிட்டால், இடையில் உள்ள ஃபயர்வால் பாதி உரையாடலை மட்டுமே கண்டு அதை வெட்டிவிடும். பிஜிபியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவருக்கும் அதை வேலையில் கையாண்டவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. ஆகவே நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகப் படிக்க நேரம் ஒதுக்க முடியும் என்றால் பிஜிபியைச் சொல்வேன், இரண்டாவதற்கும் நேரம் இருந்தால், பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்.

டிஎன்எஸ்ஸை ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பெரிய முடக்கங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பு வேலையின்போது முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை மதிப்பிட இட்ட ஒரு கட்டளை அதன் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. அந்தக் கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்தது. டேட்டா சென்டர்களை எட்ட முடியாமற்போன டிஎன்எஸ் சர்வர்கள் தமது பிஜிபி அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டதால், உலகம் அவற்றைத் தேடிக் கண்டடைய வழியில்லாமல் போயிற்று. 2025 அக்டோபரில் ஏடபிள்யூஎஸ்ஸின் வட வர்ஜீனியா ரீஜனில் (அதன் டேட்டா சென்டர்கள் உள்ள வட்டாரங்களில் ஒன்று) நடந்ததும் இதற்கு உறவான ஒன்றே. டைனமோடிபி என்னும் டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவுகளைத் தானாகப் பராமரிக்கும் அமைப்பில் இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்தியதால், அந்த ரீஜனுக்குரிய பதிவு காலியாகி, அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் விழுந்தன. இரண்டு நிகழ்வுகளுக்கும் அந்தந்த நிறுவனங்களே விரிவான விளக்கம் வெளியிட்டிருக்கின்றன. பல பயிற்சி வகுப்புகளைவிட அவற்றை வரி வரியாகப் படிப்பது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்; ஒவ்வொரு பத்தியிலும் நின்று, இந்த நிலையில் என் நிறுவனமாக இருந்தால் சாதனங்களுக்குள் எந்த வழியாக நுழைந்திருப்போம் என்று கேட்டுப்பாருங்கள்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த லேப் தேவையில்லை. லினக்ஸ் உள்ள சாதாரண மடிக்கணினி ஒன்றில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளை) உருவாக்கி, எஃப்ஆர்ரூட்டிங் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, இரண்டு தன்னாட்சி அமைப்புகளுக்கு இடையே பிஜிபி பேசவைக்கலாம். ஸ்ட்ராங்ஸ்வான் என்னும் ஐபிசெக் மென்பொருள் கொண்டு டன்னல் அமைத்து, ஐசிஎம்பியை வேண்டுமென்றே தடுத்து, மேலே சொன்ன சிக்கலை நீங்களே உண்டாக்கித் தீர்த்துப் பார்க்கலாம். இதில் கை பழகிய பிறகு கிளவுடு கணக்கைத் திறங்கள். திறந்தவுடன் முதல் வேலையாகக் கட்டண எச்சரிக்கையை அமையுங்கள், ஏனென்றால் பொது முகவரி இல்லாத சர்வர்களை இணையத்துக்கு அனுப்பும் நாட் கேட்வேயும் டிரான்சிட் கேட்வேயும் போக்குவரத்து இல்லாமல் சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும்.

கட்டணம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிளவுடில் பாதை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, அதைப் படிக்கத் தெரிந்த நெட்வொர்க் இன்ஜினியரை மேலாளர்கள் மறப்பதில்லை. தனி சப்நெட்டில் உள்ள சர்வர்கள் எஸ்3 சேமிப்பகத்துக்கு நாட் கேட்வே வழியாகப் போனால் ஒவ்வொரு ஜிபிக்கும் செயலாக்கக் கட்டணம் உண்டு; அதே ரீஜனில் ஒரு கேட்வே எண்ட்பாயிண்ட் அமைத்து ரூட் டேபிளில் சேர்த்தால் அந்த எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமே கிடையாது. ஒரு ரூட்டை மாற்றி நிறுவனத்தின் மாதச் செலவைக் குறைத்தவர் என்ற பெயர், ஆண்டு மதிப்பீட்டில் எந்தச் சான்றிதழையும்விட உரக்கப் பேசும்.

அமைப்பைக் கோப்பாக எழுதி உருவாக்கும் டெராஃபார்மும், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டும், கொஞ்சம் பைத்தானும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். இதனால் நீங்கள் புரோகிராமராகிவிடப் போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. நெட்வொர்க் மாற்றங்கள் இன்று கோப்புகளாக எழுதப்பட்டு, சக ஊழியரால் சரிபார்க்கப்பட்டு, பிறகே நடைமுறைக்கு வருகின்றன. மாற்றத்துக்கு முன் டெராஃபார்ம் காட்டும் திட்டத்தில், ஒரு சப்நெட் திருத்தப்படுகிறதா அல்லது அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படுகிறதா என்பதைப் படித்தறியத் தெரியாதவரிடம் யாரும் நடப்பில் இயங்கும் சூழலை ஒப்படைக்க மாட்டார்கள். சேஞ்ச் ரெக்வெஸ்டும் ரோல்பேக் திட்டமும் எழுதிப் பழகிய உங்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதல்ல.

இப்போது நீங்கள் கேட்ட சான்றிதழுக்கு வருகிறேன். 2020 பிப்ரவரிக்குப் பிறகு நீங்கள் சிசிஎன்ஏ எழுதியிருந்தால் ஆட்டோமேஷன் அறிமுகமும் சேர்ந்த 200-301 தேர்வைத்தான் எழுதியிருப்பீர்கள். அது மூன்றாண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அடுத்து, உங்கள் நிறுவனமோ அதன் வாடிக்கையாளரோ எந்தக் கிளவுடைப் பயன்படுத்துகிறார்களோ அதில் அசோசியேட் நிலைத் தேர்வு ஒன்று, அதன் பிறகு அதே கிளவுடின் நெட்வொர்க்கிங் தேர்வு: ஏடபிள்யூஎஸ் என்றால் அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங், மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் என்றால் ஏஇசட்-700. மூன்று கிளவுடுகளிலும் அடிப்படைச் சான்றிதழ்களை அடுக்கிவைத்திருக்கும் விண்ணப்பங்கள் என்னைக் கவர்வதில்லை. ஒன்றை ஆழமாகக் கற்றவர் மற்றவற்றை வேறுபாடுகள் மூலமே பிடித்துவிடுவார்; ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சப்நெட் ஒரே அவைலபிலிட்டி ஸோனுக்குள் (ரீஜனுக்குள் தனித்தியங்கும் டேட்டா சென்டர் பிரிவுக்குள்) அடங்கும், அஷ்யூரில் அது ஸோன்களைக் கடந்து நிற்கும், கூகுளில் விபிசியே உலகளாவியது, சப்நெட் ரீஜனுக்குரியது என்பன போன்றவை அவை. 1993இலிருந்து இருக்கும் சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ இன்றும் மதிப்புக்குரியது, அதன் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு மனிதரை உண்மையாகவே பண்படுத்துகிறது. ஆனால் உங்கள் தற்போதைய நிலையில் அதற்குச் செலவாகும் காலத்தை மேலே சொன்னவற்றுக்குக் கொடுங்கள். கசிந்த வினாத்தாள்களை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறும் வழிக்கு மட்டும் போகாதீர்கள். பொது முகவரி இல்லாத ஒரு சர்வர் இணையத்திலிருந்து எப்படி அப்டேட் இறக்கும், நாட் கேட்வே எந்த சப்நெட்டில் இருக்க வேண்டும், இரண்டு சப்நெட்டின் ரூட் டேபிள்களிலும் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டு, வெள்ளைப் பலகையில் வரையச் சொன்னால் அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

அலுவலகத்துக்குள் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். ஷிப்டில் டிக்கெட்டைக் கையளித்துவிட்டுப் போவதோடு நிற்காமல், பெரிய கோளாறுகளுக்குக் கூட்டப்படும் பிரிட்ஜ் கால்களில் இருந்து கவனியுங்கள். முடிந்த பிறகு மூல காரண அறிக்கையை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கும் அழைப்பில் ஆங்கிலத்தில் பேசத் தயங்கி, விஷயம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கும் இளைஞர்கள் பலரை நான் பார்க்கிறேன். அது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்தப் பேக்கெட் எங்கே நின்றது, எதை மாற்றினோம் என்று சிறு சிறு வாக்கியங்களில் எழுதும் அறிக்கை அவர்களுக்கு நல்ல ஏணி. எழுதியதைப் பேசுவது எளிது, அறிக்கையில் உங்கள் பெயரும் இருக்கும்.

உங்கள் நிறுவனத்தில் நடக்கும் கிளவுடு இடமாற்றத் திட்டம் ஏதேனும் ஒன்றில் இணைப்பு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த மதிப்பீட்டுக்குள் அது கிடைக்காவிட்டால் வெளியே பார்க்கத் தயங்க வேண்டாம். பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். புதிய இடத்தில் நேர்காணல் முடிவில், டன்னல்களும் ரூட்டிங்கும் எந்தக் குழுவின் பொறுப்பு, அந்தக் குழுவுக்குக் கிளவுடு கணக்கில் எழுதும் அனுமதி உண்டா அல்லது பார்க்கும் அனுமதி மட்டும்தானா என்று கேளுங்கள். பார்க்க மட்டும் என்றால், பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும் நீங்கள் இப்போது செய்யும் வேலையைத்தான் அங்கேயும் செய்துகொண்டிருப்பீர்கள்.