பழைய காரில் செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிவது ஏன்?

என்ஜினைக் கண்காணிக்கும் கணினிக்கு ஏதோ ஒரு அளவு சரியில்லை என்று பட்டால் எரிவதுதான் செக் என்ஜின் லைட். அடுத்தடுத்து சில ஓட்டங்களில், பெரும்பாலும் 3-இல், கோளாறு தென்படாவிட்டால் தானாக அணைந்துவிடும், ஆனால் எரர் கோட், அதாவது என்ன கோளாறு என்று காட்டும் குறியீடு, கணினியின் நினைவில் இருக்கும். நம்ம காரைக்குடிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் மழை விட்டதும் ஒழுகல் நின்றுவிடும், சுவரில் கறை மட்டும் இருக்குமே, அந்தக் கறைதான் இந்தக் கோட். அதனால் லைட் அணைந்திருந்தாலும் மெக்கானிக்கிடம் கோட் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எப்போது எரிகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, மழைக்குப் பிறகா, திருச்சி ரோட்டில் வேகமாகப் போகும்போதா என்று குறித்து வையுங்கள். பழைய வண்டியில் தளர்ந்த கனெக்டர், எலி கடித்த ஒயர், தேய்ந்த ஸ்பார்க் பிளக் இவற்றை முதலில் பாருங்கள். லைட் கண் சிமிட்டுவது போல வேகமாக மினுக்கினால் மட்டும் உடனே ஓரங்கட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அதில் அழிவது கோட் மட்டும்தான், கோளாறு அப்படியே இருக்கும்.