பாயிண்ட் மோட்டார் காயில் ஏன் கருகியது, எப்படி வயரிங் செய்வது?

ஹெச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட்டில் மூன்று பாயிண்ட் (ரயில் தடம் பிரியும் இடம்), அவற்றை நகர்த்தும் மோட்டார்களுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச், ஒரு மோட்டார் கருகிவிட்டது, எப்படி இணைக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு சுவிட்சில்தான். காயில் வகை மோட்டாருக்கு நொடிக்கும் குறைவான ஒரு உதை போதும். மின்சாரம் தொடர்ந்து ஓடினால் காயில் சூடேறி வார்னிஷ் வாடை வரும். நானும் ஒன்றைப் பலி கொடுத்தவன்தான்.

மோட்டாரில் இரண்டு காயில். ஒவ்வொன்றிலும் ஒரு முனையைச் சேர்த்தால் அது காமன். ஆக மோட்டாருக்கு மூன்று வயர்: காமன், நேர்வழி, கிளைவழி. எல்லா காமனையும் ஒரே தடித்த வயரில் கோர்த்து சப்ளையின் ஒரு முனையில் கொடுங்கள். மறுமுனை புஷ் பட்டன்கள் வழியாகப் போகட்டும். பாயிண்டுக்கு இரண்டு பட்டன். மெல்லிய வயர் வேண்டாம், வோல்டேஜ் இறங்கி 'டக்' சத்தத்தோடு பாதியில் நின்றுவிடும்.

சப்ளைக்கும் பட்டன்களுக்கும் நடுவில் ஒரு சிடியு (கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்) கட்டாயம் போடுங்கள். 16 வோல்ட் ஏசியை டிசியாக்கி, பெரிய கப்பாசிட்டரில் (2200 மைக்ரோஃபாரட் அல்லது மேலே) சேர்த்து ஒரே அடியாகக் கொட்டும். வீட்டுக் குழந்தை பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றாலும் காயிலுக்கு ஆபத்தில்லை.

பாயிண்டின் ஃப்ராக் (இரண்டு தடத்தின் உள் தண்டவாளங்கள் சந்திக்கும் V வடிவப் பகுதி) முழு உலோகமா என்றும் பாருங்கள். அப்படியானால் ஃப்ராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். இல்லாவிட்டால் பாயிண்டை மாற்றியதும் ஷார்ட் ஆகலாம்.