சுருள்பூச்சி வந்த அங்ககக் கடலை: எதை அடிக்கலாம், எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: போன வருடம்தான் என் நிலக்கடலைக்கு அங்ககச் சான்றிதழ் (ரசாயனம் போடாமல் விளைவித்தது என்ற சான்று) கிடைத்தது. இப்போது சுருள்பூச்சி வந்திருக்கிறது. 'இயற்கை மருந்து' என்று கடையில் ஒரு பாட்டில் தருகிறார்கள், அடிக்கலாமா? பக்கத்துக் காட்டில் அடித்த ரசாயன மருந்தும் காற்றில் என் வரப்புவரை வந்தது. வெளியே சொன்னால் சான்றிதழ் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பாட்டிலைத் திறக்காதீர்கள். லேபிளில் 'இயற்கை' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. உள்ளே ரசாயனம் கலந்திருந்தால், விளைச்சலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்ச ஆய்வில் மாட்டுவது உங்கள் கடலைதான். லேபிளைப் படம் எடுத்துச் சான்றளித்த அமைப்புக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வந்த பிறகு அடியுங்கள். அதுவரை அந்துப்பூச்சியை வெளிச்சத்தால் இழுத்துப் பிடிக்கும் விளக்குப்பொறி வையுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசலும் அடிக்கலாம்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். வீட்டில் தயாரித்ததுதானே என்று விடாமல் இதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

தெளிப்பானை இரவல் வாங்கவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் நாசில் வடிகட்டியிலும் பழைய மருந்து தங்கியிருக்கும். சாக்கும் அப்படித்தான், உரம் வந்த சாக்கில் கடலையைக் கொட்டாதீர்கள்.

பக்கத்துக் காட்டு மருந்து விஷயத்தை நீங்களே முந்திச் சொல்லுங்கள். தேதி, நேரம், காற்றடித்த திசை, எந்த வரப்பு என்று எழுதிப் படத்தோடு அனுப்புங்கள். அந்த ஓரத்து வரிசைகளைத் தனியாகப் பிடுங்கி, தனியாகக் காயவைத்து, சாதாரணக் கடலையாக விற்கும்படி சான்றளித்த அமைப்பு உங்களிடம் சொல்லலாம். நஷ்டம்தான், ஆனால் மீதிக் காடு பிழைக்கும். மறைத்து, அவர்களாகக் கண்டுபிடித்தால்தான் சான்றிதழுக்கே ஆபத்து.

அப்புறம் கணக்கு. வருடாந்திர ஆய்வுக்கு வருபவர் பயிரைப் பார்ப்பதோடு மூட்டைகளையும் கூட்டிப் பார்ப்பார். 40 மூட்டை அறுவடை, 31 விற்பனை, 4 விதைக்கு, 3 வீட்டுக்கு என்று எழுதியிருந்தால் மீதி 2 மூட்டை இருப்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு வருடப் பதிவேட்டை ஆய்வுக்கு முந்தின இரவில் ஒரே மையில் எழுதி வைத்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல விவசாயி, தப்பு எதுவும் செய்யாதவர். ஆனாலும் அந்த நோட்டை வைத்து அவரால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது.

நோட்டைத் தெளிப்பான் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். பக்கத்துக் காட்டு மருந்து பற்றிய பதிவை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.