நத்தார் விருந்துக்கு வாரக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். நான் ஆசிரியை. கணவர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல் செய்கிறார். நத்தாருக்கு எல்லோரும் கூடுவது எங்கள் வீட்டில்தான். மன்னாரிலிருந்து அக்கா குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து சின்னண்ணா குடும்பம், சிலாவத்தையிலிருந்து கணவரின் சகோதரங்கள். இந்த முறை கனடாவிலிருந்து பெரியண்ணாவும் வருகிறார். எல்லாமாக 22 பேர், 27ஆம் திகதி வரை நிற்பார்கள். போன வருடமும் 22 பேர்தான். சாப்பாட்டுக்கும் குடிப்புக்கும் 110,000 ரூபா முடிந்தது. இறைச்சி, இறால், நண்டு 42,000. சாராயம், பியர் 27,000. சோடா 4,000. கேக், பலகாரம் 18,000. மரக்கறி, தேங்காய், தூள் வகை 14,000. கதிரை வாடகை, பேப்பர் தட்டு 5,000. அரிசி வீட்டு நெல், அதைக் கணக்கில் போடவில்லை. இப்போது என் கையில் 38,000 இருக்கிறது. பசளைக்கும் மருந்துக்கும் என்று அவர் 20,000 தனியாக வைத்திருக்கிறார். கிராமத்துக்கு வரும் வாரக் கடன்காரர் 50,000 தருகிறாராம், வாரம் 1,400 ரூபாப்படி 40 வாரம் கட்டினால் போதுமாம். எடுக்கலாமா? இல்லை, காப்பை அடகு வைப்பதா? சகோதரங்களிடம் காசு கேட்க வெட்கமாக இருக்கிறது. பெரியண்ணா தானாகக் காசு தந்தால் வாங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வாரக் கடன் வேண்டாம். காப்பும் கையிலேயே இருக்கட்டும். உங்கள் கணக்கைப் பார்த்தால், 22 பேருக்கும் குறைவில்லாமல் போட 48,000 ரூபா போதும் என்றுதான் தெரிகிறது. எப்படி என்று சொல்கிறேன். முதலில் அந்தக் கடனைப் பார்ப்போம்.

1,400 ரூபாவை 40 வாரம் கட்டினால் 56,000. 50,000க்கு 6,000 வட்டி, அதாவது 12 வீதம் என்று கடன்காரர் சொல்வார். அந்த 50,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்தால்தான் அது 12 வீதம். நீங்களோ முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். 40 வாரத்தையும் சராசரி பார்த்தால் உங்களிடம் நிற்பது ஏறக்குறைய 25,600 ரூபாதான். அதற்கு 40 வாரத்தில் 6,000 வட்டி என்றால் வருடத்துக்கு 30 வீதம் வருகிறது. பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே வெட்டினால் அதற்கும் மேலே போகும். ஐந்தாறு பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை வைக்கும் கடன் என்றால், ஒரு வாரம் தவறினாலும் அயல் வீட்டுப் பெண்ணின் முகத்தில் முழிக்க முடியாது. 2018இல் வடக்குக் கிழக்கு உட்பட வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இறைச்சி வாங்க எடுக்கிற கடன் அல்ல இது.

அடகு அதைவிட மலிவு, மறுக்கவில்லை. வங்கியில் வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டால் 40,000க்கு 3 மாதத்தில் 1,400 ரூபாதான் வட்டி. ஆனால் 3 மாதத்தில் மீட்பேன் என்று நினைப்பதே நெல்லை நம்பித்தானே? அடகுப் பகுதியில் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன்: டிசம்பர் நடுவில் காப்போடு வருகிற முகங்களில் பல, மாசி கழிந்தும் மீட்க வருவதில்லை, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கத்தான் வரும். பெரும்போகம் விதைத்துப் பயிர் நிற்கிற நேரத்தில் நத்தார் வருகிறது. அறுவடை தைக்குப் பிறகு. அறுத்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழுகிறது. 2025இல் அரசு நெல் வாங்கும் உத்தரவாத விலையைக்கூட (நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா) பெப்ரவரியில்தான் அறிவித்தார்கள். இன்னும் அறுக்காத நெல்லைக் காட்டி இப்போது விருந்து வைப்பது வன்னியில் பழைய வழக்கம்தான். அந்த வழக்கத்தால்தான் பல வீடுகளில் சித்திரை வருவதற்குள் கை காய்ந்துவிடுகிறது.

உங்களவர் ஒதுக்கிய 20,000ஐயும் தொட வேண்டாம். உர மானியம் வந்திருந்தால் அதையும்தான். 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா கொடுத்தார்கள். அந்தக் காசு வீட்டு உண்டியலில் விழுந்ததும் அது பசளைக் காசு என்பது மறந்துபோகிறது. மார்கழியில் யூரியா போடாமல் விட்டால் அதன் விலையை மாசியில் மூட்டைக் கணக்கில் கொடுப்பீர்கள்.

சரி, இனி அந்த 110,000.

குடிப்பில் தொடங்குவோம், எழுதக் கூச்சமான இடம் அதுதான். 22 பேரில் குடிக்கிறவர்கள் எத்தனை பேர்? நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகள், பெண்கள், கிழவர்கள் போக 6 பேர் என்று வைக்கிறேன். 27,000ஐ 6ஆல் பிரித்தால் ஆளுக்கு 4,500. மிச்சச் செலவு 83,000ஐ 22ஆல் பிரித்தால் தலைக்கு 3,773. ஒரு மச்சான் குடித்ததற்கு ஆன காசு, ஒரு ஆள் மூன்று நாள் இருந்து சாப்பிட்டதைவிடக் கூட. இதை யாரும் உங்களிடம் கேட்டு வாங்கியதில்லை. ‘வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு போத்தல் வைக்காவிட்டால் என்ன நினைப்பான்’ என்று நாமே வாங்கி வைக்கிறோம். அதற்கு மேல், நத்தார் நாளில் மதுக்கடைகள் பூட்டு. முடிந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் 24ஆம் திகதி இரட்டிப்பாக வாங்குவது, அதுவும் முடிந்தால் கள்ளமாக விற்பவரிடம் கூட விலைக்கு வாங்குவது. இந்தத் தலைப்பை உங்கள் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துவிடுங்கள். குடிக்கிறவர்கள் குடிக்கிறதைக் கொண்டு வரட்டும். பெரியண்ணா ‘என்ன கொண்டு வர?’ என்று நிச்சயம் கேட்பார். ‘ஒன்றும் வேண்டாம் அண்ணா’ என்று சொல்லாதீர்கள். கட்டுநாயக்காவில் இறங்கும்போது தீர்வையற்ற கடையில் மச்சான்மாருக்கு ஒரு போத்தல் எடுத்து வரச் சொல்லுங்கள். அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

சோடாவையும் குறைக்கலாம். இரண்டு போத்தல் நெல்லிரசமும் ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணியும் பிள்ளைகளுக்குத் தாராளம். பெரிய சோடாப் போத்தல் சில, மொத்தம் 3,000 போதும்.

அடுத்தது இறைச்சி. 42,000 எப்படி ஆனது என்று நீங்கள் கடிதத்தோடு வைத்த துண்டில் இருக்கிறது: ஆட்டிறைச்சி 8 கிலோ 3,200 ரூபாப்படி 25,600, கோழி 6 கிலோ 7,200, மிச்சம் 9,200 இறாலுக்கும் நண்டுக்கும். அதே துண்டின் பின்பக்கத்தில் ‘27ஆம் திகதி வரை சூடாக்கிச் சூடாக்கி இறைச்சி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாங்கியது கூடிப்போச்சு. பிள்ளைகள் ஆட்டிறைச்சியைத் தொடமாட்டார்கள், அவர்களுக்குக் கோழிப் பொரியல்தான். ஆடு 4 கிலோ 12,800, கோழி 7 கிலோ 8,400. எலும்போடு தலைக்கு அரைக் கிலோ, ஒரு நாளின் இரண்டு வேளைக்குத் தாராளம். போன வருட விலையில்தான் கணக்குப் போட்டேன். ஊரில் நாலு வீடு சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போட்டால் கடை விலையிலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் உயிரோடு 20 கிலோ நிற்கிற ஆட்டில் இறைச்சி 9, 10 கிலோவுக்கு மேல் வராது. அந்தக் கணக்கைப் போட்ட பிறகே விலை பேசுங்கள்.

இறால், நண்டு இம்முறை வேண்டாம். மார்கழியில் வாடைக் காற்று வீசி முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்கும் நாள் குறையும், பண்டிகைத் தேவையும் சேரும். வருடத்தில் கடல் உணவு வாங்கக் கூடாத கிழமை ஒன்று உண்டென்றால் அது இதுதான். உங்களுக்குக் குளம் பக்கத்தில். குளத்து மீன் ஒரு 2,800 ரூபாவுக்கு எடுத்தால் ஒரு குழம்பும் ஒரு பொரியலும் ஆகும். குளம் வான் பாய்ந்தால் இன்னும் மலிவாகவே கிடைக்கும். ஆக இறைச்சியும் மீனும் 24,000.

மரக்கறி, தேங்காயில் பெரிதாக வெட்ட முடியாது, 12,000 வையுங்கள். அப்புறம் அந்த ‘வீட்டு நெல்’. ஒரு வேளைக்கு 6 கிலோ அரிசி போட்டதாக அந்தத் துண்டில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிலோ 7 பேருக்குக் காணும். 22 பேருக்கு மூன்றரைக் கிலோ போட்டாலே மிஞ்சும். 2024 டிசம்பரில் அறிவித்த கட்டுப்பாட்டு விலையில் நாட்டரிசி கிலோ 230 ரூபா, 6 கிலோ 1,380 ரூபா. பெரிய காசில்லைத்தான், ஆனாலும் எழுதுங்கள். வீட்டில் விளைந்ததற்கு விலை போடாமல் விட்டால் வயலில் லாபமா நட்டமா என்பதும் ஒருநாளும் பிடிபடாது.

கேக்குக்கும் பலகாரத்துக்கும் 18,000 என்பதில் பாதி கஜுவும் பட்டரும் என்று நினைக்கிறேன். அக்காவிடம் கேக்கைக் கொடுத்துவிடுங்கள், மன்னாரிலிருந்து வரும்போது ஒரு தட்டுக் கேக் கொண்டு வருவது அவருக்குப் பாரமில்லை. அயலுக்கு அனுப்புகிற தட்டுகளை மட்டும் குறைக்க வேண்டாம். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கலும் மோதகமும் உங்கள் வீட்டுக்கு வருமே, அந்தக் கொடுக்கல் வாங்கலில் கணக்குப் பார்க்கக் கூடாது. தட்டில் வைக்கிறதை மாற்றலாம். ஒரு துண்டுக் கேக், பயத்தம் பணியாரம், முறுக்கு. பயறும் உழுந்தும் ஊரிலேயே வாங்கலாம். 9,000க்குள் முடியும்.

கதிரையைக் கோவிலடியிலோ மாதர் சங்கத்திலோ கேளுங்கள். தட்டுக்குப் பதில் வாழையிலை. அந்த 5,000 மிச்சம்.

கூட்டிப் பாருங்கள்: 24,000, 12,000, 9,000, 3,000. மொத்தம் 48,000. 38,000 கையில் இருக்கிறது. மிச்சம் 10,000க்குப் பண்டிகை முற்பணம் கேளுங்கள். அரச உத்தியோகத்தருக்கு அது வட்டியில்லாத காசு, சம்பளத்தில் மாதாமாதம் கழியும். இந்த வருடத்துக்கு ஏற்கெனவே எடுத்திருந்தால் டிசம்பர்ச் சம்பளத்தில் ஒரு துண்டு. ஜனவரியில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து இருப்பதால் அதற்கு மேல் போக வேண்டாம்.

இந்தக் கணக்கு 25ஆம் திகதி ஒரு நாளுக்குத்தான் விருந்து என்று போட்டது. 26ஆம் திகதி சிலாவத்தைக்காரருக்கு எப்படியும் விருந்து நாள் இல்லை. 2004 ஆழிப்பேரலையில் போனவர்களுக்குப் பூசைக்கும் நினைவிடத்துக்கும் போய்வருகிற நாள். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் ஒரு மரக்கறிச் சாப்பாடு. யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். 27க்குக் குளத்து மீன்.

வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு கேட்கத்தான் வெட்கம், வேலை பிரிக்க என்ன வெட்கம்? உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிசம்பர் முதல் கிழமையே ஒன்று போட்டுவிடுங்கள். பிந்தினால் ஆளாளுக்கு வாங்கிவிடுவார்கள். இப்படி எழுதலாம்: ‘இந்த முறையும் எல்லாரும் எங்கட வீட்டைதான். சோறு, இறைச்சி, மரக்கறி எல்லாம் என்ர பொறுப்பு. அக்கா, உங்கட கேக் இல்லாமல் நத்தார் இல்லை. சின்னண்ணா, யாழ்ப்பாணத்தில இருந்து பழங்கள் கொண்டு வாங்கோ. குடிக்கிற ஆக்கள் குடிக்கிறதைக் கொண்டு வாங்கோ, 25 கடை பூட்டு, பிறகு என்னைப் பேசாதேங்கோ.’ கடைசி வரியைச் சிரிப்புக் குறியோடு போடுங்கள். முறைப்பாடு போலவும் இருக்காது, சொல்ல வேண்டியதும் போய்ச் சேரும்.

‘போன வருடம் அப்படிச் செய்தீர்கள், இம்முறை ஏன் இப்படி?’ என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். விலைவாசி என்று சொல்லுங்கள், பொய்யில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனது. பிறகு பணவீக்கம் இறங்கியது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம், ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால்தான் தெரியும். பெரியண்ணாவின் மனதில் இருப்பது அவர் கடைசியாக வந்துபோன வருடத்து விலை.

கடைசியாக, அவர் காசு தந்தால். வாங்குங்கள், வேண்டாம் என்று இழுபட வேண்டாம். 25க்கு முன்பு தந்தால் முற்பணம் எடுக்காமல் அந்த 10,000ஐ அதில் பாருங்கள். போகும்போது கையில் வைத்துவிட்டுப் போனால், நத்தார் முடிந்த காசு அது. அன்றைக்கே வங்கியில் போடுங்கள், அறுவடைக்கு வெட்டு மெசின் கூலி கொடுக்க உதவும்.